காட்டோரப் பழத்தோட்டத்துக்கு எந்த எல்லை நல்லது?

வன்னியில் பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம் பழ ஈ எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் கை காட்டைத்தான் காட்டும். ஒட்டுசுட்டான் பக்கம் இரண்டு ஏக்கரில் கறுத்தக்கொழும்பான் மாவும் கொய்யாவும் வைத்திருக்கும் என் மச்சானும் அப்படித்தான். அவருடைய காணிக்கு ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் போருக்குப் பிறகு ஆட்கள் திரும்பி வராத வளவு, முன்பக்கம் அயல்வீட்டுப் பாகற்பந்தல். காட்டுப் பக்கத்துப் பற்றையை டோசர் வைத்துத் தள்ளிவிட்டால் ஈத்தொல்லை போய்விடும் என்பது அவர் கணக்கு. தள்ளுவதற்கு முன் ஒருக்கால் என்னிடம் கேட்டார். முறிகண்டியிலிருந்து முருங்கன் வரைக்கும் இதே கணக்கோடு இருக்கும் காணிக்காரர் பலர் என்பதால், அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முன்னால் இருக்கும் வழிகள் ஐந்து. பற்றையைத் தள்ளி வெளியாக்கலாம். அப்படியே விடலாம். கதியால் வேலி போடலாம். சோளம், ஆமணக்கு போன்றவற்றை ஓரத்தில் நட்டு அதில் ஈயை மடக்கலாம். அல்லது காட்டோரத்தை வைத்துக்கொண்டே அதிலிருந்து வேண்டாததை மட்டும் பொறுக்கி எடுக்கலாம். எனக்குக் கடைசி வழியில்தான் நம்பிக்கை. ஆனால் எல்லாக் காணிக்கும் அது சரிவராது. எந்தப் பூச்சியைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஒலிவத் தோப்புக்காரர் பட்ட பாடு

தோட்டத்தைச் சுற்றியுள்ள காடும் பற்றையும் பூச்சியைக் கூட்டுமா குறைக்குமா என்ற கேள்வியை மத்தியதரைக் கடலோர நாடுகளில் ஒலிவ மரம் வளர்ப்பவர்கள் நீண்ட காலமாகக் கேட்டு வருகிறார்கள். ஸ்பெயின், போர்த்துக்கல், இத்தாலி, கிரேக்கம் எங்கும் ஒலிவத் தோப்புக்குப் பக்கத்தில், கோடையில் காய்ந்து கிடக்கும் புதர்க்காடு உண்டு. பார்வைக்கு நம் பற்றைக்காட்டின் சாயல்தான். அங்கே முதல் எதிரி ஒலிவ ஈ, பக்ட்ரோசெரா ஒலியே. நம் மாம்பழத்தில் புழு வைக்கும் பக்ட்ரோசெரா டோர்சாலிஸுக்கு நெருங்கிய உறவு.

ஆனால் ஒலிவ ஈயிடம் ஒரு பிடிவாதம் இருக்கிறது. ஒலிவக் காயைத் தவிர வேறெதிலும் அது முட்டை வைக்காது. தோட்டத்து ஒலிவம் அல்லது காட்டு ஒலிவம், அவ்வளவுதான். ஆகவே பக்கத்துப் புதர்க்காட்டில் காட்டு ஒலிவம் இல்லையென்றால் அங்கே ஒலிவ ஈ பெருக வழியில்லை. வெயில் நேரத்தில் ஒதுங்க நிழலும், அசுவினி போன்ற சாறுண்ணிகள் விடும் தேன்கழிவும் அதற்குக் கிடைக்கலாம். அதே புதர்க்காட்டில் ஒலிவ ஈயின் எதிரிகளும் இருக்கும். டிட்ரிச்சியா என்ற மஞ்சள்பூச் செடியைப் பற்றி அங்கே அடிக்கடி பேசுவார்கள். அந்தப் பூவில் கழலை உண்டாக்கும் இன்னொரு சின்ன ஈயைத் தின்று வாழும் ஒட்டுண்ணிக் குளவி, ஒலிவ ஈயின் புழுவையும் தாக்கும். ஒலிவ அந்துப்பூச்சியின் முட்டையைத் தின்னும் பச்சைச் சிறகுப் பூச்சிகளில் பல, வளர்ந்த பிறகு பூந்தேனையும் மகரந்தத்தையும் நம்பி வாழ்பவை. ஓரத்தில் பூ இருந்தால் அவை நிற்கும். இதையெல்லாம் பார்த்துத்தான் "ஒலிவத் தோப்போரப் புதரை வெட்டாதே" என்ற பேச்சு அங்கே வலுத்தது. பலன் இடத்துக்கு இடம், வருடத்துக்கு வருடம் மாறியது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு 2013இல் தென் இத்தாலியின் அப்புலியாவில் ஒலிவ மரங்கள் கூட்டமாகக் காய்ந்தன. காரணம் சைலெல்லா என்ற பக்டீரியா. அதை மரத்துக்கு மரம் கொண்டுபோவது நுரைப்பூச்சி. இதன் குஞ்சுகள் தோப்பின் அடியிலும் ஓரத்திலும் உள்ள புல்பூண்டில் நுரைக்குள் வளர்கின்றன. வசந்தம் முடிந்து புல் காயத் தொடங்கியதும் வளர்ந்த பூச்சிகள் ஒலிவ மரத்தின் மேல் ஏறுகின்றன. எனவே, குஞ்சாக இருக்கும்போதே அழிக்க, வசந்த காலத்தில் அடிநிலத்தை உழு, புல்லை வெட்டு என்று அங்கே ஆணையிட்டார்கள். ஒரு பூச்சிக்காக வைத்திருக்கச் சொன்ன பசுமையை இன்னொரு பூச்சிக்காக எடுக்கச் சொன்னார்கள். இரண்டும் பிழையில்லை.

நம் ஊருக்கு வருவோம். மாம்பழ ஈ ஒலிவ ஈ மாதிரிப் பிடிவாதக்காரி இல்லை. மா, கொய்யா, பப்பாசி, சப்போட்டா, ஜம்பு, நாவல், இலந்தை, வாதுமை என்று நூற்றுக்கணக்கான பழங்களில் அது முட்டை வைக்கும். ஒரு பெண் ஈ தன் வாழ்நாளில் ஆயிரத்துக்கு மேல் முட்டை இடக்கூடியது. நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து அடுத்த ஈ வெளிவர ஏறத்தாழ மூன்று வாரம் போதும். இதன் கெட்டிக்காரத்தனத்துக்கு ஒரு சாட்சி: 2003இல் கென்யாவில் திடீரென ஒரு புதுப் பழ ஈ அகப்பட்டது, பிறகு ஆபிரிக்கா முழுவதும் மாந்தோப்புகளைப் பிடித்துக்கொண்டது. இலங்கையிலிருந்து போயிருக்க வேண்டும் என்று கருதி 2005இல் அதற்கு "படையெடுப்பவர்" என்ற பொருளில் இன்வாடென்ஸ் என்று பெயரே வைத்தார்கள். 2015இல்தான் அது வேறு இனமே இல்லை, பழைய டோர்சாலிஸ்தான் என்று முடிவாயிற்று. இப்படிப்பட்ட ஒன்றுக்குக் காட்டோரம் வெறும் நிழல் மட்டும் இல்லை. இலந்தையும் நாவலும் அங்கே நின்றால் பெருகும் இடமும் அதுதான். ஆக, "ஓரப் பற்றையை விடு" என்ற ஒலிவப் பாடத்தை அப்படியே இங்கே இறக்க முடியாது. "காடுதான் ஈயைத் தருது" என்ற மச்சானின் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது.

மற்றப் பாதி பாகற்பந்தலில் இருக்கிறது. பாகல், புடோல், பீர்க்கு, வத்தகை, கெக்கரியில் புழு வைப்பது வேறு ஈ, பூசணி ஈ என்று வைத்துக்கொள்வோம். இதன் நடமாட்டம் மாம்பழ ஈயைவிட விசித்திரமானது. பெரும்பாலான நேரம் அது பந்தலில் இருப்பதில்லை. ஓரத்துச் செடிகளில்தான் தங்கும், தின்னும், இரவைக் கழிக்கும். முட்டை வைக்க மட்டும் பெண் ஈ பந்தலுக்குள் வந்து போகும். ஹவாய்த் தீவுக்காரர்கள் 1950களிலேயே இதைக் கவனித்து எழுதிவிட்டார்கள். பந்தலுக்கு மருந்து அடித்துக்கொண்டே இருந்தும் பாகற்காய் ஏன் சொத்தையாகிறது என்று கேட்பவருக்கு விடை இதில் இருக்கிறது: மருந்து ஒரு இடத்தில், ஈ இன்னொரு இடத்தில்.

மூன்றாவது வகையும் உண்டு. மாம்பூவைக் கருக்கும் தத்துப்பூச்சியும் மாங்கொட்டைக்குள் இருக்கும் வண்டும் கிட்டத்தட்ட மாமரத்தையே நம்பியவை. காட்டைத் தள்ளினாலும் வைத்திருந்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான். அவை பட்டை வெடிப்பிலும் நெருங்கிய கொப்புகளுக்குள்ளும் ஒளிந்திருக்கும். அவற்றுக்குத் தோட்டத்துக்கு உள்ளேதான் வேலை செய்ய வேண்டும்.

தள்ளி வெளியாக்கினால்

முதலில் ஒரு நேரான விஷயம். காணிக்கு வெளியே இருப்பது பெரும்பாலும் வனவளத் திணைக்களத்தின் காடு. அதில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. உங்கள் காணி உறுதிப்பத்திரத்துக்குள் இருக்கும் பற்றையாக இருந்தாலும், கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடம்தானா என்று தெரியாமல் முல்லைத்தீவுப் பக்கம் டோசரை இறக்குவது மடத்தனம்.

சரி, உரிமையும் உண்டு, நிலமும் சுத்தம் என்றே வைப்போம். என்ன கிடைக்கும்? பக்கத்தில் உள்ள இலந்தையும் காட்டுக்கொய்யாவும் போகும். பூசணி ஈக்குத் தங்குமிடம் குறையும். வெளிச்சம் கூடும், மாமரத்தில் ஈரம் தங்காது, பூக்கருகல் குறையும். பன்றி ஒளிந்து வர இடமிருக்காது. இவை உண்மையான இலாபங்கள், அவற்றை மறைக்கத் தேவையில்லை.

இழப்பது அதைவிடப் பெரிது என்பது என் எண்ணம். மாம்பழ ஈ அருகில் காயும் உணவும் இருந்தால் சில நூறு மீற்றருக்குள் சுற்றும்; இல்லாவிட்டால் கிலோமீற்றர் கணக்கில் பறக்கும். முப்பது மீற்றர் வெளி அதற்கு ஒரு தடையே இல்லை. ஆனால் ஒட்டுண்ணிக் குளவிகளுக்கும் முசுறு எறும்புக்கும் சிலந்திக்கும் அந்த வெளி பெரிய தடை. எதிரிகளைத் தடுத்துவிட்டு ஈயை மட்டும் உள்ளே விடும் எல்லை அது.

அடுத்தது காற்று. சோளகம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை வன்னியை உலுப்பும். கறுத்தக்கொழும்பான் முற்றுவதும் அதே காலத்தில்தான். மறைப்பு இல்லாத தோட்டத்தில் காய் கொட்டும். கொட்டிய காயைப் பொறுக்காவிட்டால் புழு அதிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடாகும். ஈயை ஒழிக்கத் தள்ளிய இடத்தில் ஈக்கு விருந்து வைத்ததாக முடியும்.

அதோடு, தள்ளிய மண் வெறுமையாகக் கிடப்பதில்லை. மாரி மழைக்கு முதலில் முளைப்பது பாத்தீனியம். 1980களின் இறுதியில் வவுனியாவில் தொற்றியதாகச் சொல்லப்படும் இந்தச் செடி, உழுத, தள்ளிய, கிளறிய நிலம் எங்கு கண்டாலும் பிடித்துக்கொள்ளும். வெண்பஞ்சுப் பூச்சிகள் சில அதில் தங்கி வாழும். அதில் ஒன்று 2008இல் இலங்கைக்குள் வந்த பப்பாசி வெண்பஞ்சுப் பூச்சி. அடுத்த வருடமே வெளியிலிருந்து ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டுத்தான் அதை அடக்கினார்கள். அந்தக் குளவி நிலைக்கவும் மருந்து படாத ஓரங்கள் வேண்டும்.

அப்படியே விட்டால்

செலவில்லாத வழி. சும்மா இருப்பதற்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது என்பதால் பலருக்கும் பிடித்தது.

காட்டில் எல்லாம் ஒன்றில்லை. உயர்ந்த மரங்கள் கொண்ட பழைய காட்டுக்கும் போருக்குப் பிறகு வளவுகளில் எழுந்த பற்றைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். முதிரை, கொன்றை, உடை எல்லாம் காய்ந்த காய்க்காரர். ஈக்கு அவற்றால் பிரயோசனமில்லை. அவை நிற்கும் காட்டோரம் நிழலையும் பூவையும் எதிரிகளையும் தரும், ஈயைத் தராது. ஆபத்து, பழைய வளவுகளில். ஒரு காலத்தில் யாரோ ஆசையாக நட்ட மா, கொய்யா, ஜம்பு எல்லாம் பற்றைக்குள் மூடுண்டு கிடக்கின்றன. வருடா வருடம் காய்க்கின்றன, பழுக்கின்றன, விழுகின்றன, பொறுக்க ஆளில்லை. நிழலும் ஈரமுமான அந்த மண் கூட்டுப்புழுவுக்கு வெயில் காய்ந்த தோட்டமண்ணைவிட நல்லது. மச்சானின் காணியைச் சுற்றிப் பார்த்தால் காடு குற்றவாளி இல்லை, பக்கத்து வளவுதான். அதற்கு டோசர் தேவையில்லை. கனடாவில் இருக்கும் உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு போட்டு, "அண்ணை, காய்க்கிற காலத்தில விழுகிற பழத்தை நாங்கள் பொறுக்கட்டுமா" என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

இன்னொரு எதிரி வேலியிலேயே படர்ந்திருக்கும்: கொவ்வை. அழகாகச் சிவந்து பழுக்கும் இந்தக் கொடி பூசணி ஈயின் காட்டு வீடு. பந்தலில் காய் இல்லாத மாதங்களில் ஈ தன் பரம்பரையை ஓட்டிக்கொள்வது இதில்தான். பாகல், புடோல் வைப்பவர் ஒருவர் கொவ்வைக் கொடியை வேலியில் விட்டு வைத்துவிட்டு மருந்துக்கடைக்கு ஓடுவதில் அர்த்தமில்லை. குருவி எச்சத்தோடு விழும் கொய்யா விதையும் அப்படித்தான், வேலி நெடுக முளைத்துவிடும்.

கதியால் வேலி

கிளுவை, சீமைக்கிளுவை, பூவரசு, முள்முருக்கு. நட்டால் போதும், துளிர்க்கும். ஆட்டுக்குக் குழை, வயலுக்குப் பசளை, அடுப்புக்கு விறகு. காற்றை முழுதாய் மறிக்காமல் வடித்து விடும். காற்றுத்தடைக்கு அந்த அளவுதான் வேண்டும். சுவர் மாதிரி இறுக்கி அடைத்தால் தோட்டத்துக்குள் புழுக்கம் நிற்கும், பூக்கும் காலத்தில் தத்துப்பூச்சிக்குக் கொண்டாட்டமாகும்.

பூச்சிக் கணக்கில் நான்கும் ஒன்றில்லை. சீமைக்கிளுவையில் வரும் கறுப்பு அசுவினி, பயற்றையையும் கச்சானையும் பிடிக்கும் அதே அசுவினி. வேலிக்கு உட்பக்கம் பயறு போடுபவர் இதைக் கவனிக்க வேண்டும். மா மட்டும் வைத்திருப்பவருக்கு அது நன்மையாகவும் முடியலாம், அசுவினியைத் தேடிப் பொறிவண்டு வந்து சேரும் என்பதால். பூவரசங்காயில் சிவப்புப் பருத்தி நாவாய்ப்பூச்சி குடியிருக்கும், அது வெண்டிக்கும் வரும். கிளுவை சாதுவானது.

முள்முருக்கு சுவாரசியமானது. ஹவாயில் ஒரு பப்பாசித் தோட்டத்தில் பல வகைச் செடிகளைச் சட்டியில் வைத்து, ஈக்கள் எதில் தங்க விரும்புகின்றன என்று பார்த்தார்கள். பூசணி ஈ, மாம்பழ ஈ இரண்டுக்கும் பிடித்தமான தங்குமிடங்களில் முள்முருக்கும் ஒன்று. கேட்டதும் "அப்ப அதை வெட்டவேணும்" என்று தோன்றும். மாறாக யோசித்துப் பாருங்கள். ஈ எங்கே தங்கும் என்று முன்கூட்டியே தெரிந்த வேலி அது. ஈயைக் கொல்லும் மருந்து கலந்த இரையை வைக்க வேண்டிய இடம் தெரிந்துவிட்டது.

சோளமும் ஆமணக்கும்

அந்த யோசனையை ஹவாய்க்காரர்கள் முழுதாகச் செய்து பார்த்தார்கள். தோட்டத்தைச் சுற்றிச் சோளம் போன்ற உயரமான பயிரை நட்டு, ஸ்பினோசாட் என்ற பூச்சிமருந்து கலந்த புரத இரையை அந்த ஓரத்தில் மட்டும் புள்ளி புள்ளியாகத் தெளித்தார்கள். முட்டை முற்றப் பெண் ஈக்குப் புரதம் வேண்டும். அதைத் தேடி ஓரத்தில் உலாவும்போது இரையைத் தின்று சாகும். பயிருக்கு மருந்தே படவில்லை. விழுந்த பழத்தைப் பொறுக்குவது, ஆண் ஈக்குப் பொறி வைப்பது, ஒட்டுண்ணி விடுவது எல்லாவற்றையும் சேர்த்து அயல் முழுக்க ஒன்றாகச் செய்ததால் பலன் கிடைத்தது.

வன்னியில் சோளம் என்று சொன்னதும் சிரிப்பு வரும். காட்டோரத்தில் சோளம் நடுவது யானைக்குக் கடதாசி போடுவது. யானை வராவிட்டால் பன்றி, பன்றி வராவிட்டால் கிளி. போதாததற்கு 2018இல் நாட்டுக்குள் வந்த படைப்புழு, சோளத்தை அந்தப் பெரும்போகத்திலேயே அழித்துக் காட்டியது. எல்லைப் பயிரைக் காப்பாற்ற மருந்து அடிக்க வேண்டி வந்தால், அங்கே தங்க வந்த குளவியும் போகும். குளத்துக்குக் கீழே, வயலும் குடிமனையும் சூழ்ந்த காணிக்கு வேண்டுமானால் சோளம் பொருந்தும். காட்டோரத்துக்கு இல்லை.

ஆமணக்கு இன்னும் பொருத்தம். பூசணி ஈ அதன் அகன்ற இலையின் அடியில் விரும்பித் தங்கும். யானையும் மாடும் சீண்டாது. மழையில்லாமலும் நிற்கும். கச்சான், மிளகாய்க்காரருக்கு ஒரு உபரி இலாபம்: புகையிலைப் புழுவின் தாய் அந்து ஆமணக்கில் விரும்பி முட்டை வைக்கும், முட்டைக் குவியல் உள்ள இலையைப் பிடுங்கி எறியலாம். ஆனால் விதை நஞ்சு. சின்னப் பிள்ளைகள் ஓடித்திரியும் வளவில் பூங்குலை வந்ததும் வெட்டிவிட வேண்டும்.

எந்தச் செடியாக இருந்தாலும் இரை வைக்காத ஓரம், ஈக்கு இலவச மடம். வாரம் ஒருமுறை இரை வைக்கப் பொறுமை இல்லாதவர் இந்த வழியைத் தொடாமல் விடுவது நல்லது. மழை பெய்தால் மறுபடி வைக்க வேண்டும். எந்த இரை இப்போது பதிவில் உள்ளது, எங்கே கிடைக்கும் என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

பொறுக்கி எடுத்த காட்டோரம்

இதுவரை சொன்னதை வைத்துப் பார்த்தால் மச்சானின் காணிக்குப் பொருத்தம் இதுதான். பற்றையை நிற்கவிடுவது, உறுதிக்குள் வரும் முதல் இருபது முப்பது மீற்றருக்குள் நிற்பவற்றை மட்டும் தெரிந்தெடுத்து அகற்றுவது. கொவ்வைக் கொடி, வேலியில் முளைத்த கொய்யா, இலந்தைக் கன்று, வழியோரப் பாத்தீனியம் இவ்வளவும் போகட்டும். பெரிய நாவல் நின்றால் வெட்ட வேண்டாம், பழம் விழும் காலத்தில் அடியைக் கூட்டினால் போதும். (பெரிய மரம் தறிக்க அனுமதி எடுக்க அலைவதைவிட விளக்குமாறு மலிவு.) முதிரையும் கொன்றையும் உடையும் பூக்கொடிகளும் அப்படியே இருக்கட்டும். பந்தல் பயிருக்குத் தேனீயும் அங்கிருந்துதான் வருகிறது.

இந்த வழியின் பெரிய பரிசு முசுறு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் இந்தச் சிவப்பு எறும்பு ஓர மரங்களில் இருந்தால் கொப்பு வழியாகவோ கட்டிய கயிறு வழியாகவோ மாமரத்துக்கு வரும். அவுஸ்திரேலியாவின் வடபகுதியிலும் ஆபிரிக்காவின் பெனினிலும் மாந்தோப்புகளில் பார்த்தபோது, எறும்பு நிறைந்த மரங்களில் பழ ஈச் சேதம் நன்றாகக் குறைந்திருந்தது. எறும்பு ஈயைப் பிடித்துத் தின்பது கொஞ்சம்தான். அதன் நடமாட்டமும் வாடையும் ஈயை முட்டை வைக்க விடுவதில்லை. தோடை மரத்தில் முசுறுக் கூட்டை வாங்கிக் கட்டும் வழக்கம் சீனாவில் ஆயிரத்து எழுநூறு வருடத்துக்கு முன்பே எழுதப்பட்டது. தொல்லையும் உண்டு: காய் பறிப்பவர் கடி வாங்க வேண்டும், செதில் பூச்சிகளை அது மேய்த்துக் காக்கும். பறிப்பதற்கு முன் கொக்கத்தடியால் கொப்பை உலுப்பிவிட்டு ஏறுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கெட்ட வார்த்தைகள் சில கேட்கும், அவ்வளவுதான். பரந்து மருந்து அடிக்கும் தோட்டத்தில் முசுறு நிற்காது என்பதால் இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்கலாம்.

விழுந்த பழத்தை என்ன செய்வது என்பதிலும் ஒரு சின்ன வித்தியாசம் செய்யலாம். வழக்கமாக இரண்டடி ஆழத்தில் புதைக்கச் சொல்வார்கள், அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் கட்டி வெயிலில் போடச் சொல்வார்கள். இரண்டும் புழுவைக் கொல்லும், புழுவுக்குள் இருக்கும் ஒட்டுண்ணிக் குளவியையும் கொல்லும். ஹவாயில் கூடாரம் மாதிரி வலை தைத்து அதற்குள் பழத்தைக் கொட்டினார்கள். வலைக்கண் ஈ வெளிவர முடியாத அளவு, குளவி வெளிவரக்கூடிய அளவு. நுளம்பு வலையில் அந்த அளவு சரியாக அமையுமா என்று பழத்தைப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஈ தப்புகிறது என்று கண்டால் புதைப்பதே மேல்.

இந்த வழியின் பலவீனம் ஆள்வேலை. டோசர் ஒரு பகலில் முடிக்கும். இதற்கு வருடத்துக்கு இரண்டு தரம், மாரி முடிந்ததும் ஒன்று, காய் முற்றுவதற்கு முன் ஒன்று, கத்தியோடு இறங்க வேண்டும். பயிர் மாறினால் எடுக்க வேண்டிய செடியும் மாறும், அதையும் தெரிந்திருக்க வேண்டும். கூலிக்கு வந்தவரிடம் "துப்புரவாக்கு" என்று மட்டும் சொன்னால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கொவ்வையை மட்டும் விட்டுவைப்பார்.

எந்தக் காணிக்கு எது

மா, கொய்யா வைத்துக் காட்டை ஒட்டி இருப்பவர் கடைசி வழிக்குப் போகலாம். பாகல், புடோல் பந்தல்தான் முக்கியம் என்றால் முள்முருக்குக் கதியாலும் இடையிடையே ஆமணக்கும், அதில் தவறாத இரையும். நாலு பக்கமும் வயல் என்றால் கிளுவை வேலியே போதும், காற்றுக்காக. பப்பாசி மட்டும் வைத்திருப்பவர் பாத்தீனியத்தில் கண் வைக்கட்டும். தள்ளி வெளியாக்குவதை நான் ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் ஒத்துக்கொள்வேன்: உறுதிக்குள் இருக்கும் பற்றை முழுவதும் காடேறிய கொய்யாவாகவே இருந்து, தள்ளிய உடனே அங்கே வேறு ஏதாவது நடத் தயாராக இருந்தால்.

வீட்டு வளவில் இருபது மரம் வைத்திருப்பவருக்கு இந்த ஆராய்ச்சி எதுவும் தேவையில்லை. மாங்காய் கோழிமுட்டை அளவிலும் கொய்யா தேசிக்காய் அளவிலும் இருக்கும்போது கடதாசி உறை கட்டினால் எல்லையில் எது நின்றாலும் கவலையில்லை.

கடைகளில் விற்கும் மெதைல் யூஜினோல் என்ற வாடைப் பொறியைப் பற்றிப் பலர் கேட்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். அதில் விழுவது மாம்பழ ஈயின் ஆண்கள் மட்டும். போத்தல் நிறைய ஈ செத்துக் கிடப்பதைப் பார்க்க மனம் குளிரும், ஆனால் தப்பிய சில ஆண்களே பெண் ஈக்களுக்குப் போதும். ஒரு காணியில் ஒற்றையாக வைத்த பொறி, ஈ எந்தப் பக்கத்திலிருந்து எந்த வாரத்தில் வரத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் கருவியாகத்தான் பயன்படும். அதற்காகவே அதைத் தோட்டத்தின் நடுவில் தூக்காமல் நாலு எல்லையிலும் ஒவ்வொன்று தூக்குங்கள். காட்டுப் பக்கப் போத்தலில் குறைவாகவும் பழைய வளவுப் பக்கப் போத்தலில் கூடுதலாகவும் விழுந்தால் கத்தியை எந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும் என்று தெரிந்துவிடும். பூசணி ஈக்கு அந்த மருந்து வேலை செய்யாது, அதற்குக் கியூலூர் என்ற வேறு வாடை. பந்தல்காரர் கேட்டு வாங்க வேண்டும், காய்ப்பு ஓய்ந்த கொடியையும் அப்படியே காயவிடாமல் சொத்தைக் காயோடு அன்றைக்கே இறக்கிப் புதைத்துவிட வேண்டும்.